பிலிப்பைன்ஸ் காதல் பாட்டில் பாதியில் என்ன நடக்கிறது?

எஞ்சின்ரூம்காரன்:
சரக்குக் கப்பலில் மோட்டார்மேனாக இருக்கிறேன். எங்கள் சமையற்காரர் பிலிப்பைன்ஸ்காரர். குயா என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிய பிறகு மெஸ்ஸில் கிடாரோடு உட்காருவார். எல்லாம் பழைய காதல் பாட்டு. வார்த்தை புரியாது. ஆனால் அழுகிற மாதிரி தொடங்கி, நடுவில் சட்டென்று கரண்ட் வந்த மாதிரி ஆகிவிடுகிறது. தாளம் மட்டும் ஒன்று-இரண்டு-மூன்று, மாறுவதே இல்லை. மூன்று பாட்டில் கவனித்துவிட்டேன். தற்செயலா, கணக்கா?

கிடார் வாத்தியார்:
கணக்குதான் தம்பி. அதற்குக் குண்டிமான் என்று பெயர். (சிரிக்காமல் படிக்கவும்.) முதல் பாதி மைனர், அதாவது சோகமாக ஒலிக்கும் சுர வரிசை. பின்பாதி அதே சுருதியில் மேஜர், பிரகாசமாக ஒலிக்கும் வரிசை. நம் கர்நாடக இசைக் கணக்கில் ஏறக்குறைய 20-ஆம் மேளம் (தாய் ராகம்) நடபைரவியிலிருந்து 29-ஆம் மேளம் சங்கராபரணத்துக்குத் தாவுவது. ஸ, ரி, ம, ப அசையாது. உயிர் காந்தாரத்தில், அதாவது 'க'-வில் இருக்கிறது: அதன் அதிர்வெண் ஸட்ஜத்தைப் போல் 6/5 மடங்காக இருந்தது 5/4 மடங்காகிறது. குயா ஏ மைனர் பிடிக்கும்போது இரண்டாம் தந்தியைப் பாருங்கள். அந்த விரல் ஒரே ஒரு கட்டம் நகர்ந்தால் ஏ மேஜர். பிரான்சிஸ்கோ சாந்தியாகோ, நிகானோர் அபெலார்டோ இருவரும் இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர்கள்.

வெண்பாப் பைத்தியம்:
'குங் ஹிந்தி மான்' என்பதன் சுருக்கம் என்பார்கள். 'அப்படி இல்லாவிட்டால்' என்று பொருள். முதலில் கெஞ்சல், அப்புறம் நம்பிக்கை. அவர்கள் மொழியான தகலோக்கின் பழைய செய்யுளில் இன்னொரு கணக்கும் உண்டு: அடிக்குப் 12 உயிரொலி, ஆறில் ஒரு மூச்சு. 'பாயான் கோ' ('என் நாடு') இதே குண்டிமான் அச்சில் தாய்நாட்டைக் காதலியாக்கிய பாட்டு. 1986-இல் மணிலா தெருக்களில் மக்கள் திரண்டு பாடினார்கள்.

பழைய ரேடியோ:
எல்லாவற்றையும் பின்னத்தில் அடைக்காதீர்கள் வாத்தியாரே. பாடுகிறவர் மூன்றாவது தட்டை இழுத்து, கொஞ்சம் தாமதமாக அடுத்த ஒன்றில் இறங்குவார். என்னைக் கேட்டால் அழவைப்பது அந்தத் தாமதம்தான். மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) வைத்துப் பாடினால் ஒன்றுமே இருக்காது.

எஞ்சின்ரூம்காரன்:
நேற்று பார்த்தேன். அதே தந்தி, ஒரு கட்டம்! ரேடியோ ஐயா சொன்ன இழுவையும் இருக்கிறது. என் கால் தட்டு இரண்டு தடவை முந்திக்கொண்டது. மைனரோடு நிறுத்திக் காட்டுங்கள் குயா என்று கேட்டேன். நிறுத்தினார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த போசன் (மேல்தள ஆட்களின் தலைவர்) திரும்பி, மீதி எங்கே என்று சத்தம் போட்டார்.