தூக்கம் வரலன்னா பூ மருந்து எடுக்கலாமா?

முத்தியால்பேட்டை பொண்ணு:
ஆபீஸ் டென்ஷன்ல தூக்கமே போச்சுங்க, கூட வேல பாக்குற அக்கா பாச் மலர் மருந்துன்னு ஒரு பாட்டில் குடுத்து நாக்குல நாலு சொட்டு விட்டுக்கோங்கறாங்க, இது சித்த மருந்தா? சைடு எஃபெக்ட் இருக்குமா?

மஞ்சக்குப்பத்தான்:
சித்தா இல்லம்மா. எட்வர்ட் பாச்னு இங்கிலாந்து டாக்டர் 1930கள்ல கொண்டு வந்தது, மொத்தம் 38 வகை. பூவ தண்ணில போட்டு வெயில்ல வைப்பாங்க, சிலத கொதிக்க வைப்பாங்க, அப்புறம் பிராந்தி கலந்து நீர்க்க வச்சு நீர்க்க வச்சு கடைசில பூ இருந்த அடையாளமே இருக்காது. ஆராய்ச்சிலயும் மருந்தே இல்லாத டம்மி சொட்டுக்கு மேல ஒண்ணும் வேல செய்யல. பெருசா கெடுதல் இல்ல, காசுதான் தண்டம்.

கோரிமேடு அக்கா:
அதுக்கு வேப்பம்பூ ரசம் வச்சு சாப்புடு பாப்பா, வயிறாவது லேசாகும். காய்ஞ்ச பூவ நெய்ல கருஞ்செவப்பா வறுத்து ரசத்த எறக்குனப்புறம்தான் போடணும், கூடவே கொதிக்க விட்டா கசப்பு ஏறிடும். பாண்டி பெரிய மார்க்கெட் பக்கம் நாட்டு மருந்து கடைல கெடைக்கும். ஆவாரம்பூ டீயும் நல்லாருக்கும்.

மஞ்சக்குப்பத்தான்:
அக்கா, சுகர் மாத்திர போடறவங்க ஆவாரம்பூ தினம் குடிச்சா சுகர் ரொம்ப எறங்கலாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு குடிங்க. தூக்கம் வாரக்கணக்கா வரலன்னா ஜிப்மர் ஆஸ்பத்திரி ஓபில ஒரு தடவ காமிச்சிரும்மா.