தாகெஸ்தானில் தீவிரவாதம் இனங்களைத் தாண்டிப் பரவியது எப்படி?

கேள்வி:
ரஷ்யாவின் செச்சன்யாவில் தனிநாட்டுக்கான போர் நடந்தது, ஆயுதம் புழங்கியது, அது புரிகிறது. பக்கத்து தாகெஸ்தானில் அவார், தார்கின், குமிக், லெஸ்கின், லாக் என 30-க்கும் மேற்பட்ட இனங்கள். பிரிந்துபோகும் கோரிக்கையும் பெரிதாக எழவில்லை. அங்கே தீவிரவாதம் எப்படி வேர்விட்டது?

பதில் 1:
பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எந்த இனத்தின் பெயரைச் சொல்லியும் அங்கே எல்லோரையும் திரட்ட முடியாது. பதவிகள் இனவாரியாகப் பங்கு போடப்பட்டன. சொந்தபந்தச் செல்வாக்கு இல்லாதவனுக்கு வேலையும் கிடைக்காது, நியாயமும் கிடைக்காது. மொழியையும் கவனியுங்கள். மலைக்கிராமப் பள்ளிவாசலில் பயான் (மார்க்கச் சொற்பொழிவு) அவாரிலோ தார்கினிலோ நடக்கும். சலஃபி போதகர்கள், அதாவது ஆரம்பகால இஸ்லாத்துக்கே திரும்ப வேண்டும் என்பவர்கள், ரஷ்ய மொழியில் பேசினார்கள். பிழைப்புக்காகத் தலைநகர் மகச்கலா வந்த பல இனத்துப் பையன்களுக்கும் புரிகிற மொழி அதுதான். அந்தப் போதகர்களின் ஜமாஅத்தில் (மார்க்கக் குழுவில்) யாரும் இனம் கேட்கவில்லை.

பதில் 2:
சரிதான், ஆனால் சலஃபிகள் எல்லோரும் துப்பாக்கி தூக்கியவர்கள் அல்ல. அதேபோல வறுமைதான் காரணம் என்பதும் முழு உண்மையல்ல. 1998-ல் போலீசை விரட்டிவிட்டு ஷரீஅத் ஆட்சி என்று அறிவித்த கரமாகி, லாரித் தொழிலிலும் முட்டைக்கோஸ் சாகுபடியிலும் நன்றாகச் சம்பாதித்த தார்கின் ஊர். 1999 ஆகஸ்டில் செச்சன் தளபதி பசாயெவும் அவரோடிருந்த அரபுத் தளபதி கத்தாபும் செச்சன்யாவிலிருந்து தாகெஸ்தானின் போத்லிக், சுமாதா பகுதிகளுக்குள் ஆட்களோடு நுழைந்தபோது, உள்ளூர் மலைவாசிகளே அவர்களுக்கு எதிராக ஆயுதம் எடுத்தார்கள். மக்கள் ஆதரவு அவர்களுக்கு இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. அந்தச் செப்டம்பரில் தாகெஸ்தான் மாநில நாடாளுமன்றம் ‘வஹ்ஹாபியம்’ (சலஃபிகளின் போக்கை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) என்பதையே தடைசெய்தது. எது வஹ்ஹாபியம் என்று சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

பதில் 3:
அந்தச் சட்டம் தெருவில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். அங்குள்ள, ஷேக்குகளைப் பின்பற்றும் சூஃபி வழி ஷாஃபி முஸ்லிம்கள் ஜும்மாவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு) பிறகு லுஹர் எனும் நண்பகல் தொழுகை 4 ரக்அத்தும் தொழுவார்கள். சலஃபிகள் தொழாமல் எழுந்துபோவார்கள். யார் எந்தப் பக்கம் என்பது வாசலில் நிற்பவனுக்கே தெரிந்துவிடும். போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் சோதனைச் சாவடிதோறும் நிறுத்தி, கைரேகை எடுத்து, மணிக்கணக்கில் உட்கார வைப்பது அப்போது வழக்கம். அப்படி அலைக்கழிக்கப்பட்டவர்களில் சிலர் ‘காட்டுக்குப் போனார்கள்’. ஆயுதக்குழுவில் சேர்வதற்கு அங்கே அதுதான் பேச்சு. 2010 மார்ச் 29-ல் மாஸ்கோ மெட்ரோவில் குண்டு வெடிக்கவைத்த இரண்டு பெண்களும் தாகெஸ்தானைச் சேர்ந்தவர்கள். 2012-ல் சூஃபி ஷேக் சயித் அஃபந்தியைத் தற்கொலைத் தாக்குதலில் கொன்றார்கள். இழப்பு இரு தரப்பு முஸ்லிம்களுக்கும்தான்.

காட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு வழிவிட 2010-ல் ஒரு ஆணையம் அமைத்தார்கள். நல்ல முயற்சி, 2013-ல் மாநிலத் தலைமை மாறியதும் கைவிட்டார்கள். அதன்பின் பலர் சிரியாப் போருக்குப் போனார்கள்.

2024 ஜூன் 23-ல் தெர்பெந்திலும் மகச்கலாவிலும் தேவாலயங்களையும் யூத ஆலயத்தையும் தாக்கியவர்களில் ஒரு மாவட்டத் தலைவரின் மகன்களும் இருந்தார்கள். அவர்கள் பெயரை எந்தப் பதிவேட்டில் தேடியிருப்பார்கள்?