மூர் மார்க்கெட்: அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த கட்டடம்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

விடுமுறைக்குச் சென்னை போய் வந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆவடி வண்டி ஏறும் இடத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அங்கே மார்க்கெட் எதையும் காணோமே?" படித்ததும் மனசு கனத்துவிட்டது. இருந்தது தம்பி. சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் நீங்கள் வண்டிக்குக் காத்து நின்ற இடத்திலேயேதான் இருந்தது.

அதற்கு முன் பட்டணத்துக்காரர்களுக்கு பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் மார்க்கெட்தான். அங்கே நெரிசல் தாங்கவில்லை. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் புதுச் சந்தைக்கு அடிக்கல் நாட்டினார். 1900இல் திறந்தார்கள். வரைபடம் ஆர். ஈ. எல்லிஸ், கட்டியவர் ஏ. சுப்ரமணிய அய்யர். செக்கச்செவேல் என்று செங்கல் கட்டடம், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கடைகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் தாழ்வாரத்துக்குள் நிழல்தான்.

மூர் மார்க்கெட் என்றதும் எல்லோரும் பழைய புத்தகத்தைத்தான் சொல்வோம். ஆனால் அதைப் பழைய புத்தகத்துக்காகக் கட்டவில்லை. ஊருக்கு ஒரு நல்ல சந்தை வேண்டும் என்றுதான் கட்டினார்கள். புத்தகம், இசைத்தட்டு, கடிகாரம், கிளிக்கூண்டு எல்லாம் காலப்போக்கில் தானாக வந்து சேர்ந்தவை. எனக்கு அதில்தான் பெருமை. அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று ஊரே சொல்லும் அளவுக்கு அந்த இடத்தை வளர்த்தவர்கள் கடைக்காரர்களும் வாங்க வந்தவர்களும்தான்.

பக்கத்திலேயே மிருகக்காட்சி சாலை. முதலில் அங்கே புலியைப் பார்த்துவிட்டு அப்புறம் மார்க்கெட்டுக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். பேரம் பேசத் தெரியாதவர்கள் தனியாகப் போகக்கூடாது என்பார் அப்பா. ஒருமுறை எனக்கு ஒரு அகராதி வாங்கினார். கடைக்காரர் அதை முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதறினார். அப்பா விலையே கேட்காமல் முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தார். கேட்டதில் பாதிக்கும் கீழே ஒரு விலை சொன்னார், நகர்ந்தார், நாலு கடை தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில் மூன்று பேரின் பெயர்கள், மூன்று வெவ்வேறு மசியில். நாலாவதாக என் பெயரை அப்பா எழுதினார். அந்த அகராதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ரயில்வேக்கு அந்த இடம் வேண்டும் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. 1985 மே 30 அன்று தீப்பிடித்தது. எண்பத்தைந்து வருடக் கட்டடம் போய்விட்டது. மிருகங்களும் வண்டலூருக்குப் போயின, அதே ஜூலையில் அங்கே புதுப் பூங்காவைத் திறந்தார்கள். ஆக, ஒரே கோடையில் என் சிறுவயதுச் சென்னையில் பாதி இடம் மாறிவிட்டது. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். புத்தகக் கடைகள் சில தொடர்ந்து நடந்தன. ஆனால் அந்தத் தாழ்வாரம் இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க வரும் கூட்டமும் இல்லை. கடை மாற்றிவிடலாம், கூட்டத்தை எப்படி மாற்றுவது?

புறநகர் நிலையத்தின் முன்னால் பழைய கட்டடத்தின் சின்ன மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒரு நிமிடம் காட்டுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். வெளித்தோற்றப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. கடைகளுக்கு உள்ளே எடுத்த படம் யார் வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் சரி, பின்னணியில் ஓரமாகத் தெரிந்தாலும் சரி. அங்கே வாங்கிய புத்தகத்தில் கடை முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.