இரவு ஷிஃப்டும் ஞாயிறு திருப்பலியும்

கேள்வி:
நான் இரவுப் பணி செய்யும் செவிலியர். ஞாயிறு காலை ஏழரைக்கு வேலை முடியும். கத்தோலிக்கக் கோயிலில் எட்டு மணித் திருப்பலி வழிபாட்டுக்கு ஓடினால், குருவின் மறையுரை தொடங்குவதற்குள் கண் சொருகிவிடுகிறது. மூன்று வாரமாக வீட்டில் படுத்தபடி போனில் நேரலை பார்க்கிறேன். போன ஞாயிறு நற்கருணை (இயேசுவின் உடலாக வழங்கப்படும் அப்பம்) தரும் நேரத்தில் அழுதுவிட்டேன். ஞாயிறு திருப்பலியில் பங்கேற்கும் கடமையில் நான் தவறுகிறேனா?

பதில் 1:
சகோதரி, சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போங்கள். முந்தைய நாள் மாலையில் பங்கேற்றாலும் கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்கிறது. ஞாயிறு மாலையும் இருக்கிறதே.

பதில் 2:
நானும் 19 வருஷம் இரவு வேலை பார்த்தவன்மா. அந்த அழுகையைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது நற்கருணைக்கான பசி. நேரலை நோயாளிகளுக்குப் பெரிய ஆறுதல்தான், ஆனால் திரை வழியாக நற்கருணை வாங்க முடியாதே. எந்த நேரமும் ஒத்துவராத வாரங்கள் உண்டென்றால் பங்குத்தந்தையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். தகுந்த காரணம் இருந்தால் விலக்களிக்க அவருக்கு அதிகாரம் உண்டு (சட்டம் 1245). நான் கேட்கவே கூச்சப்பட்டு இரண்டு வருஷம் கோயில் பக்கமே போகாமல் இருந்தேன். அது இன்னும் வலிக்கிறது. அப்புறம், இரவு செபத்தில் வரும், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் பாடலை விடியற்காலையில் படுக்கப் போகும்போது சொல்வேன். எனக்கு அதுதானே இரவு!

கேட்டவர்:
நன்றி அண்ணா. இந்தச் சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பும் முன் மாலைத் திருப்பலிக்குப் போகிறேன், சீருடையோடுதான்.