எயிட்டும் எட்டும் ஒரே சொல்லா?

கடலோடி:
ஆங்கிலத்தில் எயிட், தமிழில் எட்டு. ஒலியும் பொருளும் ஒத்துப்போகின்றன. நம்மிடமிருந்து போனது என்று சொல்ல இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

வேர்ப்பலா:
இன்றைய உச்சரிப்பை வைத்து ஒப்பிடுவதில்தான் கோளாறு. எயிட்டின் எழுத்துக்கூட்டலில் ஜி, எச் இரண்டும் எதற்கு நிற்கின்றன? நம் ஆய்தம் போன்ற ஓர் உரசல் ஒலி அங்கே இருந்தது. பழைய ஆங்கிலத்தில் எஅஹ்தா, ஆங்கிலத்தின் உறவு மொழியான, இன்று வழக்கொழிந்த காதிக்கின் நான்காம் நூற்றாண்டு பைபிளில் அஹ்தவ், இன்றைய ஜெர்மனில் அஃட், லத்தீனில் ஒக்தோ. காலத்தில் பின்னோக்கிப் போகப்போக எயிட் எட்டை விட்டு விலகிப் போகிறது.

கடலோடி:
ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளில் பழைய மெய்யொலிகள் எப்படி மாறின என்று சொல்லும், 1822இல் வந்த கிரிம் விதிப்படி ககரம் ஹகரமாகும், தகரமும் உரசொலியாகும். லத்தீன் த்ரேஸ், ஆங்கிலத்தில் த்ரீ. அப்படியானால் ஒக்தோவின் தகரம் மட்டும் ஏன் மாறவில்லை? வேண்டிய இடத்தில் மட்டும் வேலை செய்யும் விதியா?

வேர்ப்பலா:
சரியான இடத்தில் பிடித்தீர்கள். இரண்டு வல்லொலி அடுத்தடுத்து வந்தால் முதலாவதுதான் மாறும். லத்தீன் நோக்தெம், ஆங்கிலத்தில் நைட். லத்தீன் ரெக்துஸ், ஆங்கிலத்தில் ரைட். இரண்டிலும் அதே ஜி-எச், அதே மாறாத டகரம். எயிட்டுக்கென்று தனிச்சலுகை இல்லை.

சுவடி:
எண்ணுப்பெயர் கடன் போகாது என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். ஜப்பானியர் சீன எண்களை எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பக்கத்தைப் பாருங்கள்: எண்பது, எண்ணூறு, எண்திசை. வேர் எண்.

கடலோடி:
புணர்ச்சியில் எட்டின் ஒற்று ணகாரமாகும் என்று தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் சொல்கிறதே! அப்போது எட்டுதானே மூலம்?

சுவடி:
அது சொற்கள் சேரும் முறைக்கான விதி; பிறப்பு வரலாறு அல்ல. கன்னடத்தில் எண்டு, தெலுங்கில் எனிமிதி. புணர்ச்சியே இல்லாமல் மூக்கொலி நிற்கிறது. எட்டு ஆங்கிலத்துக்குப் போயிருந்தால் அந்த உரசல் ஒலி எங்கிருந்து முளைத்தது? அங்கிருந்து இங்கே வந்திருந்தால் ணகரம் எங்கிருந்து?

கடலோடி:
எட்டை விட்டுவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒன், தமிழில் ஒன்று, இதை விடுவதாயில்லை.

வேர்ப்பலா:
அது இன்னும் பலவீனம். பழைய ஆங்கிலத்தில் ஆன். முன்னால் கேட்கும் வகர ஒலி 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஒட்டியது. அலோன், ஓன்லி இரண்டிலும் அது ஏறவில்லை. பழைய லத்தீனில் ஒய்னோஸ். நம் ஒரு, ஓர் இரண்டிலும் உள்ள ரகரத்தை இந்த வரிசையில் எங்கே வைப்பீர்கள்?