கட்டப் பலகையில் பொருள் சேர்க்கும் பாட்: அதிகம் எடுத்தும் தோற்பது ஏன்?

கட்டெறும்பு:

வணக்கம். இரண்டு பாட்கள் (தாமாக ஆடும் புரோகிராம்கள்) மோதும் ஆட்டத்துக்குப் பைத்தானில் பாட் எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகை 15×15, சுவர் கிடையாது. ஐந்து வகைப் பொருட்கள்: வகை வாரியாக 1, 3, 5, 7, 9 என மொத்தம் 25. ஒரு டர்னில் இரு பாட்களும் ஒரே நேரத்தில் ஒரு செயலைச் சொல்ல வேண்டும்: நான்கு திசைகளில் ஒன்று, ‘எடு’, அல்லது ‘நில்’. இரண்டும் ஒரே கட்டத்தில் நிற்கலாம். ஒரே பொருளை ஒரே டர்னில் இருவரும் எடுத்தால் ஆளுக்கு அரை. ஒரு வகையில் யாரிடம் அதிகமோ அந்த வகை அவருக்கு. அதிக வகைகளைப் பிடித்தவர் வெற்றி. ஒரு டர்னுக்கு 200 மில்லிவிநாடி.

முதல் வடிவம் எது பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுக்கும். 14 பொருள் எடுத்தும் தோற்கிறது: பெரிய வகையிலிருந்து வரிசையாகச் சொன்னால் என்னிடம் 7, 5, 2, 0, 0, எதிராளியிடம் 2, 2, 3, 3, 1. இரண்டாவது வடிவம், ஒவ்வொரு அண்டைக் கட்டத்திலிருந்தும் எல்லாப் பொருட்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டி, கூட்டுத்தொகை எங்கே குறைவோ அந்தப் பக்கம் நகரும். அது சில பலகைகளில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. இரண்டுக்கும் என்ன வழி? செய்த மாற்றம் உண்மையிலேயே பலன் தந்ததா என்று எப்படிச் சோதிப்பது?

சோழி:

முதல் சிக்கலுக்குக் காரணம் உங்கள் எண்களிலேயே இருக்கிறது. ஐந்தில் மூன்று வகை போதும். 1, 3, 5 ஆகிய வகைகளைப் பிடிக்க முறையே 1, 2, 3 பொருட்கள் வேண்டும், ஆக ஆறு. 25-ல் ஆறே பொருளில் ஆட்டம் முடிந்துவிடும். 9 உள்ள வகையை மட்டும் பிடிக்கவே ஐந்து தேவை. பலகையில் எங்கு திரும்பினாலும் பெரிய வகைதான் கண்ணில் படும் என்பதால், பக்கத்தில் இருப்பதைப் பொறுக்கும் பாட் தானாகவே மதிப்புக் குறைந்த பொருட்களில் டர்னைச் செலவழித்துவிடும்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் எடை கொடுங்கள். அரைகள் வருவதால் எல்லா எண்ணிக்கையையும் இரட்டித்து, அரை அலகில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வகையில் மொத்தம் ம, என்னிடம் இருப்பது அரை அலகில் எ என்றால், அந்த வகையைப் பிடிக்க இன்னும் வேண்டியது ம + 1 − எ. எதிராளிக்கும் இதே கணக்கு. எடை = 1/எனக்குத் தேவை + 1/எதிராளிக்குத் தேவை. இரண்டாவது பகுதி முக்கியம்: அவரைத் தடுப்பதற்கும் மதிப்பு உண்டு. மதிப்பெண் = எடை ÷ (தூரம் + 1). அந்தக் கூடுதல் 1, ‘எடு’ சொல்ல ஆகும் டர்ன். அதை விட்டால் பொருளின் மேலேயே நிற்கும்போது பூச்சியத்தால் வகுத்துப் பாட் விழுந்துவிடும்.

ஆட்டத் தொடக்கத்தில் ஒற்றைப் பொருளின் எடை 1/2 + 1/2 = 1. ஒன்பதில் ஒன்றின் எடை 1/10 + 1/10 = 0.2. அதாவது ஒன்பது கட்டம் தள்ளி இருக்கும் ஒற்றைப் பொருளும், ஒரே கட்டம் தள்ளி இருக்கும் ஒன்பது வகைப் பொருளும் சமம். இரண்டுக்கும் மதிப்பெண் 0.1.

யாராவது பிடித்து முடித்த வகைக்கு எடை 0. இந்தச் சோதனையில்தான் பலருக்கும் சறுக்கும். ‘என்னிடம் உள்ளது > மொத்தம் // 2’ என்று எழுதினால் (// மீதியை விட்டு வகுக்கும்), 5 உள்ள வகையில் 2.5 கையில் இருக்கும்போது 2.5 > 2 சரியென்று வந்து, வகை முடிந்ததாகப் பாட் நம்பிவிடும். உண்மையில் அது இன்னும் சமனில் முடியக்கூடிய நிலை. ‘எ > ம’ என்று இரட்டித்த எண்ணிலேயே ஒப்பிடுங்கள். எதிராளியிடம் சரியாக ம அரை அலகு இருந்தால் உங்களால் அந்த வகையை வெல்ல முடியாது, ஆனால் தடுக்க முடியும். அப்போது எடையில் உங்கள் பகுதியை மட்டும் 0 ஆக்குங்கள்.

நேர்கோடு:

இரண்டாவது சிக்கல் நீங்கள் கூட்டும் முறையிலிருந்தே வருகிறது. மன்ஹாட்டன் தூரங்களின் (மூலைவிட்டமாகப் போகாமல் எண்ணும் கட்டங்கள்) கூட்டுத்தொகை, பொருட்களின் இடைநிலைக் (மீடியன்) கட்டத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். அங்கே பொருள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பொருட்கள் (2,5), (8,5), (5,2), (5,8) ஆகிய நான்கில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கட்டமான (5,5)-ல் கூட்டுத்தொகை 12. (5,6)-க்குப் போனால் 4 + 4 + 4 + 2 = 14. உங்கள் பாட் அண்டைக் கட்டங்களை மட்டும் ஒப்பிடுவதால் நடுவிலிருந்து ஒரு கட்டம் விலகும், அடுத்த டர்னில் 12 தெரிவதால் திரும்பி வரும். கடைசி டர்ன் வரை இதுவேதான். ‘நில்’ என்பதையும் ஒப்பீட்டில் சேர்த்தால் ஆடுவது நிற்கும், ஆனால் நடுவிலேயே நின்றுவிடும்.

கூட்டுவதை விடுங்கள். சோழி சொன்ன மதிப்பெண்ணில் ஒரே ஓர் இலக்கைத் தேர்ந்து அதை நோக்கி நேராகப் போங்கள். இலக்கை நினைவில் வைத்து, அது காணாமல் போனாலோ வேறொன்று குறைந்தது 20% கூடுதல் மதிப்பெண் பெற்றாலோ மட்டும் மாற்றுங்கள். இந்த 20% நான் தொடக்கத்துக்குச் சொல்லும் அளவு. உங்கள் சோதனையில் சரிசெய்யலாம். புதிய ஆட்டம் தொடங்கும்போது அந்த நினைவை அழிக்க மறக்காதீர்கள்.

அடுத்து, எதிராளியோடு ஓட்டம். உங்கள் தூரம் அவருடையதைவிட ஒன்றே குறைவாக இருந்தாலும் பொருள் உறுதியாக உங்களுக்குத்தான்: நேராகப் போனால் அவர் வந்து சேரும் டர்னில் நீங்கள் ‘எடு’ சொல்லிவிடுவீர்கள். தூரம் சமம் என்றால் அரை அரை. அவர் ஒன்று முந்தியிருந்தால் உடனே கைவிட வேண்டாம்; அவர் பாதையில் அவருக்குத் தேவையான வேறு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். அதை எடுக்க அவருக்கு ஒரு டர்ன் போகும், நீங்கள் சமனுக்கு வந்துவிடுவீர்கள். சுவர் இல்லாத பலகையில் சுற்றிப்போவது எப்போதும் இரட்டைப்படையில்தான் செலவு வைக்கும். அதனால் அவர் ஒரு கட்டம் விலகித் திரும்பினாலே இரண்டு டர்ன் இழப்பார், பொருள் முழுதாக உங்களுடையது.

சமன் ஓட்டத்தில் ஒற்றைப் பொருளைத் தனியாக யோசியுங்கள். அது அரை அரையாகப் பிரிந்தால் அந்த வகை யாருக்கும் இல்லை, மீதி நான்கு வகைதான். ஆட்டம் 2–2 என்று முடிய வாய்ப்பு திறந்துகொள்ளும்.

கட்டெறும்பு:

இருவருக்கும் நன்றி, எடைக் கணக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு சந்தேகம்: ஒற்றைப் பொருளை எதிராளி எடுத்துவிட்டால் இந்த எடைகளே போதுமா? மரத்தேடல் (இரு பக்கச் செயல்களையும் கிளை கிளையாக விரித்துப் பார்ப்பது) வைத்து நாலைந்து டர்ன் முன்னால் பார்க்க வேண்டுமா?

தாயக்கட்டை:

எடைகள் மட்டும் போதாது, ஏனென்றால் எத்தனை வகை மிச்சம் வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஒற்றை போனபின் அவருக்கு இன்னும் இரண்டு வகை போதும்: 3, 5 உள்ள வகைகளில் 2 + 3 = 5 பொருள். உங்களுக்கு மீதி நான்கில் மூன்று வேண்டும், குறைந்தது 2 + 3 + 4 = 9. ஐந்தில் மூன்று வகை சேர்ந்த கூட்டணிகள் 10 மட்டுமே. ஒவ்வொரு டர்னிலும் பத்துக்கும் ‘இன்னும் எத்தனை பொருள், சுமாராக எத்தனை டர்ன்’ என்று கணக்கிட்டு, மலிவான கூட்டணியில் உள்ள வகைகளுக்கு எடையை இரண்டு மடங்காக்குங்கள். எதிராளியின் மலிவான கூட்டணிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டு பட்டியலிலும் வரும் வகைதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். இங்கே அவை 3-ம் 5-ம்.

கட்டம் கட்டமாக மரத்தேடல் வேண்டாம். ஆளுக்கு 6 செயல், ஒரு டர்னுக்கு 36 சேர்க்கை. மூன்று டர்னுக்கு 46,656. நான்கு டர்னுக்கு 16,79,616. பைத்தானில் 200 மில்லிவிநாடிக்குள் நான்கு முடியாது. முடிந்தாலும் நான்கு கட்டம் தள்ளி இருக்கும் பொருளை எடுப்பதே ஐந்தாவது டர்னில்தான். பொருள் பொருளாகத் தேடுங்கள்: மதிப்பெண்ணில் முதல் ஏழு பொருட்களை எடுத்து, அவற்றின் எல்லா வரிசைகளையும் பாருங்கள். 7! = 5,040, தாராளமாக நேரத்துக்குள் அடங்கும். பத்துக்கு ஆசைப்பட்டால் 36,28,800. அதற்குக் கிளை வெட்டுதல் (பலன் தராத வரிசைகளைப் பாதியிலேயே விடுவது) வேண்டும். வரிசையில் ஒரு பொருளை அடையும் டர்னுக்கு முன்பே எதிராளி நேராக வந்து எடுத்துவிட முடியும் என்றால் அதன் மதிப்பைப் பாதியாக்குங்கள், 0 ஆக்காதீர்கள். அவர் எல்லாப் பொருளுக்கும் ஒரே நேரத்தில் ஓட முடியாது.

சோதனைக்கு வருகிறேன். இரண்டு பாட்களிலும் தற்செயல் எண் இல்லையென்றால் ஒரே பலகையில் திரும்பத் திரும்ப ஆடவிடுவதில் பயனில்லை, ஒரே முடிவுதான் வரும். சீட் எண் (தற்செயல் எண் வரிசையின் தொடக்க எண்) கொடுத்து வெவ்வேறு பலகைகளை உருவாக்குங்கள். ஒவ்வொரு பலகையிலும் இரண்டு ஆட்டம்: இடத்தை மாற்றி ஒருமுறை. 100 ஆட்டத்தில் வெற்றி விழுக்காட்டின் பிழை ±10 வரை போகும். 400-ல் ±5, 1,000-ல் ±3 அளவு. ஆகவே 100-ல் 54 வென்றதை வைத்து மாற்றம் பலித்தது என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வடிவங்கள் எல்லாவற்றையும், பக்கத்தில் இருப்பதைப் பொறுக்கும் முதல் பாட் உட்பட, எதிராளிகளாக வைத்திருங்கள். தன்னோடு தானே மோதவிட்டால் ஒரு பொறி உண்டு: இரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்து ஒன்றை அரை அரையாக எடுத்தால், அதன்பின் இரண்டுக்கும் ஒரே நிலை, ஒரே முடிவு. மீதி ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டே போகும். மதிப்பெண்ணோடு மிகச் சிறிய தற்செயல் எண்ணைக் கூட்டினால் பிரிந்துவிடும்.

பாட் பேசுவது ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாக என்றால், பிழை தேடப் போடும் பிரிண்ட் வரிகளை ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்புங்கள். இல்லையேல் அவை செயலாகப் படிக்கப்பட்டு, விதி மீறியதாகத் தோற்றுவிடுவீர்கள். ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் ஃப்ளஷ் செய்யாவிட்டால் (உடனே வெளியே தள்ளாவிட்டால்) விடை பஃபர் என்னும் இடைத் தேக்கத்திலேயே தங்கி டைம் அவுட் ஆகும். தேடலை 160 மில்லிவிநாடியில் நிறுத்தி, அதுவரை கிடைத்த சிறந்த விடையைக் கொடுங்கள். மிச்சம் உள்ள 40, நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் குறுக்கிட்டால் தேவைப்படும்.

நேர்கோடு:

ஒன்றைச் சேர்க்கிறேன். ‘வடக்கு’ என்றால் வரிசை எண் கூடுமா குறையுமா, இடம் (வரிசை, நிரல்) என்று வருகிறதா (நிரல், வரிசை) என்று வருகிறதா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பலகை சதுரமாக இருப்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டாலும் புரோகிராம் விழாது, பாட் மட்டும் பொருளை விட்டு விலகிப் போகும். 15×9 பலகையில் மூலையில் ஒரே பொருள் வைத்து ஓட்டினால் உடனே தெரிந்துவிடும்.