புதுப்பிப்பு: ஓட்டவில்லை, ஏற்றித்தான் கொண்டுபோனேன்

உளுந்தூர்பேட்டை அருகே கார் பள்ளத்தில் விழுந்ததில் முன் இடது சக்கரம் சாய்ந்துவிட்டது, விழுப்புரம் வரை மெதுவாக ஓட்டலாமா என்று முந்தாநாள் கேட்டிருந்தேன். ‘ஷாக் அப்சார்பராத்தான் இருக்கும், 30-ல் உருட்டுங்க’ என்றார்கள் சிலர். எனக்கும் பாதி மனது அப்படித்தான். ஆனால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இடப்பக்கம் இழுத்தது, டயர் உரசும் சத்தம் வேறு. சரி, வேண்டாம் என்று நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அழைத்தேன். அப்புறம் காரை முழுதாக ஏற்றும் லாரி பிடித்து ஒர்க்‌ஷாப் போனேன்.

தூக்கிப் பார்த்தால் ஷாக் அப்சார்பர் நன்றாகவே இருக்கிறது! சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்து, அந்த ஆர்மைச் சக்கரப் பக்கம் பிணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் கழன்று விழும் நிலையில். அது கழன்றிருந்தால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கியிருக்கும் என்றார் மெக்கானிக். இரண்டையும் மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் பார்த்தாகிவிட்டது. லாரி வாடகைக்குப் பேரம் பேசியதுதான் பெரும் பாடு.